பெரிய டிஷ் வாங்குவதற்கு முன்: ஒரு மொட்டை மாடி டிஷ்ஷின் பழுதாய்வு

அக்கா வீட்டு டிவியில் மூன்று விதமான கோளாறு இருந்தது. மூன்றும் ஒரே கோளாறு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். செய்திச் சேனல்கள் மட்டும் சாதாரண மழைக்கு அசையாமல் ஓடும். சினிமா எச்டி சேனல்கள் தூறல் விழுந்தாலே கட்டம் கட்டமாக உடையும். விளையாட்டு எச்டி சேனல் வானம் வெளுத்திருக்கும் மாலையிலேயே அடிக்கடி உறைந்து நிற்கும். இது போக, சில நாள் பாதிச் சேனல்கள் மொத்தமாகக் காணாமல் போகும், மறுநாள் தாமாகவே திரும்பி வரும்.

டிஷ் 60 சென்டிமீட்டர் அகலம். மாடியில் ஏறி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பார்க்க வந்த முதல் ஆள் சிக்னல் நிறைய இருக்கிறது, செட்டாப் பாக்ஸ்தான் கெட்டுவிட்டது என்றார். இரண்டாவது ஆள் கேபிளின் நடுவில் ஒரு சிறிய பெருக்கியைச் செருகிவிட்டுப் போனார். மூன்றாவது ஆள் 90 சென்டிமீட்டர் டிஷ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அக்கா வாங்கத் தயாராகவே இருந்தாள். நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கேட்டேன். பெரிய டிஷ் தேவைப்படாது என்ற எண்ணத்தில் கேட்கவில்லை. இருக்கிற டிஷ் எங்கே இழக்கிறது என்று தெரியாமல் புதிதை மாட்டினால், அதுவும் அதே இடத்தில்தான் இழக்கும். இந்தக் குறிப்பு அந்த இரண்டு ஞாயிறுகளையும், அதன் பின்னால் வந்த மழைக்காலத்தையும் பற்றியது.

பட்டை நிறைந்தும் படம் வராதது ஏன்

முதலில் அந்தப் பெருக்கி. அது வந்த பிறகு பாக்ஸின் திரையில் 'ஸ்ட்ரெங்த்' பட்டை 78-லிருந்து 95-க்கு ஏறியிருந்தது. 'குவாலிட்டி' இருந்த இடத்திலேயே இருந்தது. படமும் அப்படியே.

ஸ்ட்ரெங்த் என்பது கேபிள் வழியாக வந்து சேரும் மொத்த ஆற்றல். அதில் நமக்கு வேண்டிய சிக்னலும் இருக்கும், வேண்டாத இரைச்சலும் இருக்கும். குவாலிட்டி என்பது இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம். படத்தைத் தீர்மானிப்பது இந்த விகிதம் மட்டுமே. ஹரால்ட் ஃப்ரீஸ் 1944-ல் எழுதிய இரைச்சல் சூத்திரம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: வரிசையாகப் பல பெருக்கிகள் இருந்தால், முதல் பெருக்கி சேர்க்கும் இரைச்சலே கிட்டத்தட்ட முழுக் கணக்கும். டிஷ்ஷில் அந்த முதல் பெருக்கி எல்என்பி, அதாவது டிஷ்ஷின் முன்னால் கையில் நின்று சிக்னலை வாங்கும் சிறிய பெட்டி. அது 50 முதல் 60 டெசிபல் (ஆற்றல் விகிதத்தின் அலகு, மூன்று கூடினால் ஏறக்குறைய இரு மடங்கு) வரை சிக்னலை உயர்த்திய பிறகே கேபிளில் விடுகிறது. அதற்குப் பின்னால் எதைச் செருகினாலும் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். கலங்கிய தண்ணீரைப் பெரிய குடத்துக்கு மாற்றினால் தெளிந்துவிடாது. கேபிள் மிக நீளமாக ஓடும் கட்டடங்களில் இந்தப் பெருக்கிக்கு வேலை உண்டு. இங்கே கேபிள் 25 மீட்டர்தான். அதைக் கழற்றி அலமாரியில் வைத்தேன்.

அடுத்து, அளவு எடுப்பது. சதவீதம் காட்டும் பட்டையை நம்பி எதையும் ஒப்பிட முடியாது. ஒவ்வொரு பாக்ஸும் அந்த நூறை வெவ்வேறு விதமாகக் கணக்கிடும். அதனால் சிக்னல்-இரைச்சல் விகிதத்தை டெசிபலில் காட்டும் ரிசீவர் ஒன்றை என் வீட்டிலிருந்து கொண்டுபோய் வைத்தேன். அக்கா மகள் கீழே டிவி முன் உட்கார்ந்து எண்ணைப் படிக்க வேண்டும், நான் மேலே கைபேசியில் கேட்க வேண்டும். ஒரு நோட்டில் தேதி, நேரம், வானம், எண், செய்த மாற்றம் என்று ஐந்து பத்தி போட்டாள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளவு. அவள் இந்த விதியை என்னைவிடக் கறாராகப் பின்பற்றினாள். நான் இரண்டு போல்ட்டை ஒன்றாகத் தொட்டால் கீழிருந்தே கேட்டுவிடுவாள்.

மேகமில்லாத காலையில் முதல் பதிவு: செய்திச் சேனல் இருக்கும் அலைவரிசையில் 7.9, சினிமாவில் 7.8, விளையாட்டில் 7.9. மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு ஏன் ஒன்று ஓடுகிறது, ஒன்று உடைகிறது?

விடை ஒளிபரப்பு முறையில் இருக்கிறது. 2005-ல் தரநிலையான டிவிபி-எஸ்2 என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறையில், ஒரே அலைவரிசை அகலத்தில் எவ்வளவு தகவலைத் திணிப்பது என்பதை ஒளிபரப்பாளர் தேர்ந்தெடுக்கலாம். திணிப்பு கூடக் கூட, தேவைப்படும் குறைந்தபட்ச விகிதமும் கூடும். திணிப்பின் அளவைக் குறிக்கும் பெயர்களில், க்யூபிஎஸ்கே 3/4 என்றால் 4.0 டெசிபல் போதும். 8பிஎஸ்கே 2/3 என்றால் 6.6 வேண்டும். 8பிஎஸ்கே 3/4 என்றால் 7.9. இவை தரநிலை சொல்லும் இலட்சிய எண்கள். வீட்டுப் பெட்டிகளுக்கு இதற்கு மேல் அரை டெசிபலாவது தேவைப்படும். எங்கள் செய்திச் சேனல் முதல் வகை, சினிமா இரண்டாம் வகை, விளையாட்டு மூன்றாம் வகை. ரிசீவரின் தகவல் திரையிலேயே அது எழுதியிருந்தது. 7.9 கையில் இருக்கும்போது செய்திக்கு ஏறக்குறைய நான்கு டெசிபல் மிச்சம். சினிமாவுக்கு ஒன்றுதான் மிச்சம், தூறல் அதைத் தின்றுவிடும். விளையாட்டுக்கு மிச்சமே இல்லை. ஆக மூன்று கோளாறுகளில் இரண்டுக்கு ஒரே காரணம்: விகிதம் போதவில்லை. மூன்றாவதான காணாமல் போகும் சேனல்கள் மட்டும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. அதை முதலில் எடுத்தேன்.

14.9 வோல்ட்

காணாமல் போகும் சேனல்களின் பட்டியலை அக்கா மகள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். அத்தனையும் கிடைத்தளத் துருவமுனைப்பில் (துருவமுனைப்பு என்பது அலை அதிரும் திசை) வருபவை. செங்குத்துத் துருவமுனைப்பில் வருபவை ஒன்றுகூடப் போகவில்லை.

ஒரே கேபிளில் இரண்டு துருவமுனைப்புகளையும் எப்படித் தேர்ந்தெடுக்கிறது இந்த அமைப்பு? பாக்ஸ் அதே கேபிள் வழியாக எல்என்பிக்கு மின்சாரம் அனுப்புகிறது. 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து, 18 வோல்ட் அனுப்பினால் கிடை. பொதுவான எல்என்பிகள் 11.5 முதல் 14 வரையைச் செங்குத்து என்றும், 16 முதல் 19 வரையைக் கிடை என்றும் எடுத்துக்கொள்ளும். இடைப்பட்ட வோல்ட் வந்தால் அது எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

மாடியில் எல்என்பியின் வாயில் ஒரு 'T' வடிவக் கனெக்டர் போட்டு மல்டிமீட்டரை வைத்தேன். எல்என்பி இணைந்திருக்கும்போதே அளப்பது முக்கியம். கேபிளைக் கழற்றி வெறும் முனையில் அளந்தால் மின்னோட்டம் ஓடாது, அழகாக 18 காட்டும், நாமும் ஏமாந்துபோவோம். பாக்ஸின் வாயில் 18.2 இருந்தது. எல்என்பி வாயில் 14.9. மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியில் எங்கோ போகிறது. 25 மீட்டர் நல்ல கேபிளில் அரை வோல்ட் போவதே அதிகம்.

பாக்ஸை அணைத்துவிட்டு எல்என்பி முனைக் கனெக்டரைத் திருகினேன். முதலில் நகரவே இல்லை. இடுக்கியால் மெல்ல அசைத்ததும் ஒரு சுற்று கொடுத்தது, உள்ளிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விரலில் விழுந்தது. நடுக் கம்பி தாமிர நிறமாக இல்லை, பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சுற்றியிருந்த அலுமினியப் பின்னல் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. மேலே போட்டிருந்த ரப்பர் உறை வெயிலில் வெடித்திருக்கிறது. கேபிள் மேலிருந்து நேராகக் கனெக்டருக்குள் இறங்குவதால், மழை நீர் வழுக்கிக்கொண்டு உள்ளேயே போயிருக்கிறது. ஈரம் கூடும் நாளில் மின்தடை கூடி எல்என்பி செங்குத்துக்குச் சாய்ந்துவிடும். காய்ந்த நாளில் திரும்பிவிடும். சேனல்கள் தாமாகப் போய்த் தாமாக வந்த கதை இதுதான்.

கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போனேன். தாமிரம் பளபளப்பாக, நுரை வெள்ளையாகத் தெரிய இரண்டடி வெட்ட வேண்டியிருந்தது. இரண்டு முனையிலும் அழுத்திப் பொருத்தும் புதிய எஃப் கனெக்டர். நடுக் கம்பி வாயைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே நீள வேண்டும். பின்னலின் ஒரு இழைகூட அதைத் தொடக் கூடாது. மேலே, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடா. எல்என்பிக்குக் கீழே கேபிளைத் தொங்கலாக ஒரு வளைவு விட்டுக் கட்டினேன். மழை நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போகும், கனெக்டருக்கு ஏறாது.

எல்என்பி வாயில் இப்போது 17.6 வோல்ட். கீழே விகிதம் 8.0. அதாவது அது ஏறவில்லை. அக்காவுக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை. மூன்றாவது கோளாறு தனி என்பது உறுதியாகிவிட்டது, அதன் பிறகு அது வரவும் இல்லை.

சாய்ந்த கம்பம்

டிஷ்ஷைத் தொடும் முன் அதைத் தாங்கும் கம்பத்தைப் பார்க்க வேண்டும். பலர் தாண்டிப் போகும் இடம் இது. ரசமட்டத்தை ஒரு பக்கமும், அதற்குச் செங்குத்தான இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தேன். கம்பம் மூன்று டிகிரி சாய்ந்திருந்தது. அடித்தகட்டின் ஒரு போல்ட் துருவேறி, சுவர்ப்பூச்சோடு வெளியே வந்துகொண்டிருந்தது. சாய்ந்த கம்பத்தில் டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பினால் அதன் ஏற்றக் கோணமும் சேர்ந்து மாறும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும், எத்தனை மணி நேரம் நின்றாலும் உச்சம் பிடிபடாது. போல்ட்டை மாற்றி, தகட்டின் அடியில் துண்டுத் தகடு கொடுத்து, கம்பத்தை நிமிர்த்தினேன். நிமிர்த்தும் முன் டிஷ் முகத்தின் சாய்வைக் கைபேசிச் சாய்வுமானியில் குறித்துக்கொண்டேன். பின்னால் அது கைகொடுத்தது.

செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் பார்வைக்கு அசையாத ஒரு புள்ளியாக நிற்கிறது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை, 12 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஏறக்குறைய 2.9 டிகிரி அகலம். அந்தக் கூம்பின் ஓரத்தில் ஆற்றல் பாதியாகிவிடும். ஒரு டிகிரி விலகினால் சுமார் 1.4 டெசிபல் போகும். கையால் உணரும்படிச் சொன்னால், டிஷ்ஷின் விளிம்பை ஐந்து மில்லிமீட்டர் முன்னோ பின்னோ தள்ளினால் ஒரு டிகிரி ஆகிவிட்டது. நகத்தளவு அசைவு.

வீட்டு டிஷ்களில் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அமைப்பில் டிஷ்ஷின் முகம் காட்டும் திசையும் அது பார்க்கும் திசையும் வேறு. உண்மைப் பார்வை முகத்துக்கு இருபது டிகிரிக்கும் மேலே இருக்கும். அதனால் கண்ணால் 'வானத்தை நோக்கித் திருப்பி' வைத்தால் தப்பாகிவிடும். தாங்கியில் பொறித்திருக்கும் கோண அளவு இந்த வித்தியாசத்தைக் கழித்தே எழுதப்பட்டது, ஆனால் தொடங்குவதற்கு மட்டும் அதை நம்பலாம். திசைகாட்டியையும் இரும்புக் கம்பத்துக்கு அருகே வைத்துப் பார்க்கக் கூடாது. நான்கைந்து அடி தள்ளி நின்று, தூரத்தில் ஒரு அடையாளம் பார்த்துக்கொள்வது நல்லது.

உச்சத்தைத் தேடும்போது பெரும்பாலானவர்கள் எண் ஏறும் வரை திருப்பி, ஏறியதும் நிறுத்துவார்கள். உச்சியின் அருகே எண் தட்டையாக இருக்கும், நிஜ உச்சி எது என்று தெரியாது. நான் செய்வது வேறு. இடப்பக்கம் திருப்பி, எண் ஒரு டெசிபல் இறங்கும் இடத்தில் கம்பத்தில் பென்சில் கோடு. வலப்பக்கம் திருப்பி, அதே அளவு இறங்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்ட நடுவே டிஷ்ஷை நிறுத்துவேன். சரிவில் எண் வேகமாக மாறுவதால் கோடுகள் துல்லியமாக விழும். ஏற்றக் கோணத்துக்கும் அதே முறைதான். ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு மூன்று நொடி காத்திருக்க வேண்டும். ரிசீவர் கணக்குப் போட்டுச் சொல்லத் தாமதமாகும், அவசரப்பட்டால் உச்சியைத் தாண்டிய பிறகுதான் குரல் வரும்.

"மாமா, எட்டு நாலு... எட்டு ஏழு... எட்டு ஒம்பது. மறுபடி எட்டு ஏழு. தாண்டிட்டீங்க!"

நட்டுகளை இறுக்கும்போதும் டிஷ் நகரும். முதல் தடவை ஒரே பக்கத்தை முழுக்க முறுக்கியதில் 0.4 டெசிபல் போய்விட்டது. திரும்பத் தளர்த்தி, நான்கு நட்டையும் கால் சுற்று கால் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்கினேன். 8.9-ல் நின்றது.

இங்கேதான் எனக்கு உறுத்தியது. டிஷ் முகத்தின் சாய்வை மறுபடி அளந்தால், பழையதற்கும் புதியதற்கும் 1.2 டிகிரி வித்தியாசம். பக்கவாட்டில் அதிகம் மாறவில்லை. அந்தக் கணக்குப்படி இரண்டு டெசிபல் ஏறியிருக்க வேண்டும். ஏறியது ஒன்றுதான். சிக்னல் இரண்டு டெசிபல் கூடியது நிஜமென்றால், அதோடு சேர்ந்து வேறு ஏதோ ஓர் அழுக்கும் கூடியிருக்க வேண்டும். வானத்து இரைச்சலோ எல்என்பி இரைச்சலோ டிஷ்ஷைத் திருப்புவதால் கூடாது. நாம் பார்க்கும் செயற்கைக்கோளிலிருந்தே வரும் வேறொரு சிக்னல்தான் அப்படிக் கூடவே வளரும்.

திரும்பிப்போன எல்என்பி

அந்த வேறொரு சிக்னல், மற்றத் துருவமுனைப்பு. செங்குத்தும் கிடையும் ஒரே அலைவரிசையில் ஒன்றின் மேல் ஒன்றாக வருகின்றன. எல்என்பிக்குள் இருக்கும் சிறிய உலோக முனைகள் சரியான கோணத்தில் நின்றால் மட்டுமே ஒன்றை எடுத்து மற்றதை விடும். ஏணி வைத்துப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எல்என்பியைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கவ்வியில் முடி அகலத்துக்கு ஒரு விரிசல். கேபிளின் பாரம் இழுத்து இழுத்து, எல்என்பி தன் அச்சில் சுழன்றிருந்தது. கழுத்தில் இருந்த கோண அளவுகோலில் பார்த்தால் பதினைந்து டிகிரி.

பதினைந்து டிகிரி சுழன்றால் வேண்டிய சிக்னலில் 0.3 டெசிபல்தான் குறையும். ஸ்ட்ரெங்த் பட்டை கவனிக்கவே கவனிக்காது. ஆனால் வேண்டாத துருவமுனைப்பு உள்ளே வரும் அளவு, வேண்டியதைவிட 11.4 டெசிபல் மட்டுமே கீழே இருக்கும். விகிதம் 8-ஐச் சுற்றி நிற்கும் ஒரு வீட்டில் இது பெரிய அழுக்கு. டிஷ்ஷை எவ்வளவு துல்லியமாகத் திருப்பினாலும் இந்த அழுக்கு சிக்னலோடு சேர்ந்தே வளரும். எனக்கு வர வேண்டிய இரண்டு டெசிபல் ஒன்றானது இதனால்தான்.

எவ்வளவு சுழற்ற வேண்டும் என்பது இடத்தையும் செயற்கைக்கோளின் தீர்க்கரேகையையும் பொறுத்தது. கணக்கிட்டுச் சொல்லும் கருவிகள் ஏராளம். ஆனால் வலஞ்சுழியா இடஞ்சுழியா என்பதில் கவனம் வேண்டும். டிஷ்ஷின் பின்னால் நின்று வானத்தைப் பார்த்துச் சொல்வது சிலரது வழக்கம், முன்னால் நின்று எல்என்பியைப் பார்த்துச் சொல்வது வேறு சிலரது வழக்கம். மாறிப் போனால் பிழை இரட்டிப்பாகும். கருவி சொன்ன கோணத்தில் வைத்துவிட்டு, அங்கிருந்து இரு பக்கமும் பென்சில் கோடு முறையில் எண்ணைக் கேட்டே நிறுத்தினேன். அலை சுழன்றுகொண்டே வரும் வட்டத் துருவமுனைப்பு ஒளிபரப்புகளுக்கு இந்தச் சுழற்சி வேலையே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"மாமா, பதினொண்ணு ஒம்பது! நெஜமா, பதினொண்ணு ஒம்பது!"

கவ்வியை மாற்றினேன். கேபிளின் பாரம் எல்என்பி மேல் விழாமல் தாங்கும் கையோடு சேர்த்துக் கட்டினேன். அன்று மாலை விளையாட்டுச் சேனல் ஒரு முறைகூட உறையவில்லை.

நோட்டில் கணக்குப் பார்த்தோம். 7.9-லிருந்து 11.9. நான்கு டெசிபல். வாங்கியது இரண்டு கனெக்டர், ஒரு சுருள் நாடா, ஒரு போல்ட், ஒரு கவ்வி. டிஷ்ஷை 60-லிருந்து 90-க்கு மாற்றினால் கிடைக்கும் ஆதாயம், விட்டத்தின் விகிதத்தை வைத்துப் பார்த்தால், 3.5 டெசிபல். இன்னொரு கணக்கும் போட்டேன், அக்காவுக்குக் காட்டுவதற்காக. 90 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை 1.9 டிகிரிதான். அதே 1.2 டிகிரிப் பிழையோடு அதை மாட்டியிருந்தால், சின்ன டிஷ்ஷில் இரண்டு டெசிபல் இழந்த இடத்தில் அது நாலரைக்கு மேல் இழந்திருக்கும். கிடைத்த மூன்றரையில் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் மிஞ்சும், அதையும் சுழன்றுபோன எல்என்பி விழுங்கிவிடும். பெரிய டிஷ் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. உண்மை நேரெதிர்.

ஆனாலும் 90 ஏன்

மழைக்காலம் பக்கத்தில் இருந்தது. மழைத்துளிகள் இந்த அலைவரிசையை இரண்டு வழியில் கெடுக்கும். சிக்னலை உறிஞ்சும், அது எல்லாருக்கும் தெரியும். உறிஞ்சும் எதுவும் தானும் கதிர்வீசும் என்பது இரண்டாவது. தெளிந்த வானம் டிஷ்ஷுக்குக் குளிர்ந்த வானம், இரைச்சல் குறைவு. மழை மேகம் வெதுவெதுப்பான போர்வை. மூன்று டெசிபல் உறிஞ்சும் மழை, இரைச்சலையும் ஏற்றிவிடுவதால், விகிதத்தில் ஏழு டெசிபலை ஒட்டிப் பறித்துவிடும். விளையாட்டுச் சேனலுக்கு எங்களிடம் இருந்த மிச்சம் மூன்றரை. சாதாரண மழை தாங்கும், கொட்டும் மழை தாங்காது. அக்காவுக்குக் கொட்டும் மழையிலும் அது ஓட வேண்டும். இப்போது வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

முதலில் வந்தது பழைய 90 சென்டிமீட்டர் டிஷ் ஒன்று, தெரிந்த வீட்டில் சும்மா கிடந்தது. அதே எல்என்பியை மாட்டி, அரைநாள் செலவழித்து உச்சம் பிடித்தேன். 11.2. சின்னதைவிடக் குறைவு. முன்பு போல எனக்குத் தெரியாத சுழற்சி எதுவும் இல்லை, கனெக்டர் புதிது, கம்பம் நேர். மிஞ்சியது டிஷ்ஷின் உருவம்தான்.

கழற்றிக் கீழே கொண்டுவந்து, மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புக்கு ஒரு நூல், இட விளிம்பிலிருந்து வல விளிம்புக்கு ஒரு நூல் இழுத்துக் கட்டினேன். சரியான டிஷ்ஷின் விளிம்பு முழுதும் ஒரே தளத்தில் இருக்கும், நூல்கள் நடுவில் முத்தமிட்டுக்கொள்ளும். இங்கே இரண்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது. ஒரு சென்டிமீட்டர். எப்போதோ தூக்கிப் போகும்போது முறுக்கேறியிருக்கிறது. கண்ணுக்குத் துளியும் தெரியாத முறுக்கு. அந்த அளவு முறுக்கு, பரப்பு முழுக்கச் சராசரியாக இரண்டு மில்லிமீட்டர் பிழை ஆகும். ஜான் ரூஸ் 1966-ல் தொகுத்து எழுதிய சூத்திரத்தின்படி, 25 மில்லிமீட்டர் அலைநீளத்தில் இரண்டு மில்லிமீட்டர் பிழைக்கு 4.4 டெசிபல் இழப்பு. பெரிய டிஷ் கொடுத்ததை முறுக்கு எடுத்துக்கொண்டு, மேலும் கேட்டிருக்கிறது. தட்டி நிமிர்த்தலாம் என்று ஒருவர் சொன்னார். அந்தத் துல்லியம் சுத்தியலுக்கு வராது. திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

புதிய டிஷ் வந்ததும் மாட்டுவதற்கு முன்பே நூல் கட்டிப் பார்த்தேன். ஒட்டி நின்றன. பரப்பு இரண்டேகால் மடங்கு ஆவதால் காற்றின் தள்ளும் விசையும் அத்தனை மடங்கு ஆகும். பழைய கம்பம் போதாது. தடித்த குழாய், இரண்டு சாய்வுக் கால்கள், கம்பத்திலிருந்து தனியே நில இணைப்பு. கைபிடிச்சுவரின் ஓரத்தில் இருந்த இடத்தையும் மூன்றடி உள்ளே மாற்றினேன். ஏணியில் நின்றுகொண்டு பெரிய டிஷ்ஷைப் பிடித்திருக்கும்போது காற்று வீசினால், மனிதனையும் சேர்த்தே தள்ளும். மின்கம்பி அருகே இருந்தாலோ இடி முழங்கினாலோ மேலே ஏறவே கூடாது.

உச்சம் பிடிக்க இந்த முறை நேரம் கூடுதலாக ஆனது. முடிவில் 14.5. கணக்கு மூன்றரை டெசிபல் சொன்னது, ஏறியது 2.6. டிஷ் வெல்வது இரைச்சலை மட்டும்தான். மற்றத் துருவமுனைப்பிலிருந்து கசியும் மிச்சமும், செயற்கைக்கோளிலேயே சேரும் குறைகளும் டிஷ் பெரிதானாலும் குறையாது. பிறகு எல்என்பியையும் புதிதாக மாற்றிப் பார்த்தோம். 0.2 ஏறியது, அளவுப் பிழைக்குள் அடங்கும் எண். பழையதையே திரும்ப மாட்டி, புதியதை மாற்றுக்கு வைத்துக்கொண்டோம்.

இடையில் ஒரு நாள் நண்பகலை ஒட்டிச் சில நிமிடம் எல்லாச் சேனலும் போய்விட்டது என்று அக்கா பதறிப் போன் செய்தாள். வானில் ஒரு மேகம் இல்லை. இரவும் பகலும் சமமாகும் நாள்களை ஒட்டி, ஆண்டுக்கு இரண்டு முறை, சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும். சூரியனின் இரைச்சல் சிக்னலை மூடிவிடும். சில நாள்கள், நாளுக்குச் சில நிமிடம். எந்த டிஷ்ஷுக்கும் தப்பாது. அதை அக்கா மகள் ஒரு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டாள். அந்த நிமிடத்தில் மாடியில் போய் நின்று டிஷ்ஷின் மேல் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தாள். செயற்கைக்கோள் இருக்கும் திசையில்தான் அப்போது சூரியன். மரத்தின் நிழல் டிஷ்ஷில் விழுந்தால் மரம் வழியை மறைக்கிறது என்று பொருள். பக்கத்து மனை மரத்தின் ஒரு கிளை நிழல் விளிம்புக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அடுத்த ஆண்டு அது வளர்ந்து வரும். நோட்டில் குறித்தாள்.

மழைக்காலப் பதிவுகளும் அந்த நோட்டிலேயே இருக்கின்றன. தூறல்: 13.8. ஒரு மணி நேர மிதமான மழை: 11-க்கும் 12-க்கும் நடுவே. எல்என்பியின் மூக்கில் நீர்த்துளி நின்றபோது மழை விட்ட பிறகும் பத்து நிமிடம் 13-க்கு ஏறவில்லை. ஒரு பெரிய மழையன்று மாலை என் போன் அடித்தது. பின்னணியில் மழை இரைச்சலில் அவள் குரலே சரியாகக் கேட்கவில்லை.

"ஏழு ரெண்டு, மாமா. விளையாட்டு போயிடுச்சு. சினிமா லேசா உடையுது. செய்தி ஓடுது."

நான்கு நிமிடம் கழித்து மறுபடி அடித்தாள். ஒன்பது ஒன்று. மூன்றும் ஓடுகின்றன.